கோரல்டிராவில் ஸ்டைல்: கோட்டுக்கும் நிறத்துக்கும் பெயர் வைத்து வரைவது எப்படி?

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போடும் ரூட் மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மெயின் ரோடு, பத்துப் பதினைந்து தெரு, ஒரு ரயில் பாதை, பஸ் ஸ்டாண்ட், கோயில், பெட்ரோல் பங்க், நடுவில் மண்டபம். வரைவது பெரிய வேலை இல்லை. புரூஃப் (சரிபார்க்கும் மாதிரிப் பிரதி) பார்ட்டியிடம் போன பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். "தெருவெல்லாம் இன்னும் கொஞ்சம் தடியா இருக்கட்டும்" என்பார்கள். "மஞ்சள் வேண்டாம், பத்திரிகைக்குச் சேர்ற மாதிரி மெரூன் போடுங்க" என்பார்கள். கடைசியில், "செலவு கூடுது, ஒரே கலர்ல அடிச்சிடலாம்" என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கோடு கோடாகத் தேடி க்ளிக் செய்யவேண்டும். ஒன்று விட்டுப்போகும். அது பிளேட் போட்ட பிறகுதான் கண்ணில் படும்.

கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் இதற்கென்றே ஸ்டைல் என்ற வசதி இருக்கிறது. கோட்டின் தடிமன், நிறம், முனை, முழுக்கோடா விட்டுவிட்ட கோடா என்பதையெல்லாம் ஒரு பெயருக்குள் போட்டு வைத்துவிடுவோம். வரைகிற கோட்டுக்கு அந்தப் பெயரை மட்டும் ஒட்டுவோம். பெயருக்குள் இருப்பதை மாற்றினால் அந்தப் பெயர் ஒட்டிய எல்லாம் தானாக மாறும். டிடிபி கடைகளில் வருஷக்கணக்காகக் கோரல்டிரா ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் இதைத் தொட்டதே இல்லை. பேலட்டில் (ஓரத்தில் இருக்கும் நிறப் பட்டையில்) க்ளிக் செய்தால் நிறம் வந்துவிடுகிறது, பிறகு எதற்கு இது என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே மேப்பை மூன்றாவது தடவை திருத்தும்போதுதான் இதன் அருமை தெரியும்.

இங்கே சொல்லும் படிகள் 2012-இல் வந்த எக்ஸ்6 பதிப்புக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் பொருந்தும். அதற்கு முந்தைய பதிப்புகளில் கிராஃபிக் அண்ட் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் என்ற வேறொரு டாக்கர்தான் (திரையின் ஓரத்தில் நிற்கும் பெட்டி) இருந்தது. எண்ணம் ஒன்றுதான், ஆனால் படிகள் வேறு. உங்கள் பதிப்பில் மெனு பெயர்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்; அதனால் முடிந்த இடத்தில் ஷார்ட்கட்டையும் சொல்லிவிடுகிறேன்.

வரையும் முன் ஒரு தாளில்

கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒரு தாளில் இந்த மேப்பில் எத்தனை வகைப் பொருள் இருக்கிறது என்று எழுதுங்கள். எத்தனை கோடு என்று எண்ணவேண்டாம், எத்தனை வகை என்பதுதான் கணக்கு. பதினைந்து தெரு இருந்தாலும் அது ஒரே வகைதான். மேலே சொன்ன மேப்புக்கு என் பட்டியல் இப்படி வரும்: மெயின் ரோடு, தெரு, ரயில் பாதை, அடையாளக் கட்டடம், மண்டபம், தெருப் பெயர், அடையாளப் பெயர், மண்டபப் பெயர், அம்புக்குறி. அவ்வளவுதான்.

பெயர் வைப்பதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. அந்தப் பொருள் படத்தில் என்ன வேலை செய்கிறதோ அதைப் பெயராக வையுங்கள். பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைக்காதீர்கள். "மஞ்சள் கோடு" என்று ஒரு ஸ்டைலுக்குப் பெயர் வைத்தால், பார்ட்டி மெரூன் கேட்ட அன்று மஞ்சள் கோடு என்ற பெயருக்குள் மெரூன் உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறக்கிற உங்கள் கடைப் பையன் தலையைச் சொறிவான். "2 மி.மீ." என்ற பெயரும் அப்படித்தான். "மெயின் ரோடு" என்ற பெயருக்கு மட்டும் எந்தத் திருத்தம் வந்தாலும் ஆபத்தில்லை.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா? விண்டோஸில் யூனிகோட் தமிழ் தட்டச்சு இருந்தால் தாராளமாக வைக்கலாம். ஆனால் அதே ஃபைல் பழைய பதிப்பு இருக்கிற இன்னொரு கடைக்குப் போகும் என்றால் ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராக வைப்பதே நிம்மதி.

முதல் ஸ்டைல்

புதிய டாக்குமெண்ட் திறந்து, அளவை மி.மீ.-இலும் கலர் மோடை சி.எம்.ஒய்.கே.-யிலும் (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு அச்சு மைகள்; கே என்பது கருப்பு) வைத்துக்கொள்ளுங்கள். மேப்பின் அளவு 80 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

1. கண்ட்ரோல் + எஃப்5 அழுத்துங்கள். வலது பக்கம் ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ் டாக்கர் திறக்கும். விண்டோ மெனுவில் டாக்கர்ஸ் பட்டியலிலும் இது இருக்கும். அதற்குள் ஸ்டைல்ஸ், ஸ்டைல் செட்ஸ், டிஃபால்ட் ஆப்ஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸ் என்று மூன்று தலைப்புகள் தெரியும்.

2. ஸ்டைல்ஸ் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி, அவுட்லைன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் புதிதாக ஒரு பெயர் வரும்.

3. அதன்மேல் ரைட் க்ளிக் செய்து ரீநேம் கொடுத்து, "தெரு-விளிம்பு" என்று பெயர் மாற்றுங்கள். விளிம்பு எதற்கு என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

4. டாக்கரின் கீழ்ப்பாதியில் அந்த ஸ்டைலின் குணங்கள் தெரியும். தடிமன் 1.4 மி.மீ., நிறம் கே 100, மற்ற மூன்று மையும் பூஜ்யம். முனை ரவுண்ட், மூலை ரவுண்ட்.

5. ஃப்ரீஹேண்ட் அல்லது பெஸியர் கருவியால் ஏதாவது ஒரு கோடு போடுங்கள். கோடு தேர்வில் இருக்கும்போதே டாக்கரில் "தெரு-விளிம்பு" மேல் க்ளிக் செய்து, கீழே உள்ள அப்ளை டு செலக்டெட் பொத்தானை அழுத்துங்கள். கோட்டின்மேல் ரைட் க்ளிக் செய்து, ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ், அப்ளை ஸ்டைல் வழியாகவும் போகலாம்.

இன்னும் நாலைந்து கோடு போட்டு அவற்றுக்கும் அதே ஸ்டைலைக் கொடுங்கள். இப்போது எதையும் தேர்ந்தெடுக்காமல் டாக்கரில் தடிமனை 3 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். எல்லாக் கோடும் ஒன்றாகத் தடிக்கும். பிறகு 1.4-க்கே திருப்பிவிடுங்கள்.

தலைகீழாகவும் செய்யலாம். ஒரு கோட்டைக் கையால் சரிசெய்து, பார்க்கத் திருப்தியாக வந்ததும் அதன்மேல் ரைட் க்ளிக் செய்து, ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ், நியூ ஸ்டைல் ஃப்ரம், அவுட்லைன் கொடுத்தால் அந்தக் கோட்டில் இருப்பது அப்படியே ஸ்டைலாகிவிடும். தடிமனைக் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு இதுதான் வசதி. எனக்கும் இதுதான் பழக்கம்.

தடிமனில் ஹேர்லைன் (மயிரிழை போன்ற மிக மெல்லிய கோடு) என்று ஒன்று இருக்கும். அதை ஸ்டைலுக்குள் வைக்காதீர்கள். திரையில் தெரியும், ஆனால் அச்சில் நம்பமுடியாது.

ரோடு ஒரு கோடு அல்ல, இரண்டு கோடு

நல்ல ரூட் மேப்பில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய கரை இருக்கும். நடுவில் வெள்ளையோ மஞ்சளோ இருக்கும். இரண்டு ரோடு சந்திக்கிற இடத்தில் அந்தக் கரை குறுக்கே ஓடாமல், சந்திப்பு திறந்து கிடக்கும். புதிதாக வரைகிறவர்கள் இதற்காக இரண்டு இணைகோடு போட்டு, சந்திப்பில் நோடை வெட்டி, ஒட்டி என்று படாதபாடு படுவார்கள். வெட்டவே வேண்டாம். ஸ்டைலும் லேயரும் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் தளங்கள்) சேர்ந்து இதைச் செய்துவிடும்.

நடுக்கோடு மட்டும் வரையுங்கள். ஒரே கோட்டை இரண்டு பிரதி எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கவேண்டும். அடியில் இருப்பது தடியான கருப்பு, மேலே இருப்பது கொஞ்சம் மெல்லிய வெள்ளை. வெள்ளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கருப்புதான் கரையாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு ரோடு வகைக்கும் இரண்டு ஸ்டைல் தேவை:

- தெரு-விளிம்பு: 1.4 மி.மீ., கருப்பு
- தெரு-உள்: 1.1 மி.மீ., வெள்ளை
- மெயின் ரோடு-விளிம்பு: 2.4 மி.மீ., கருப்பு
- மெயின் ரோடு-உள்: 2 மி.மீ., எம் 20, ஒய் 100

கணக்கு எளிது: 1.4-இல் 1.1 போனால் 0.3, பக்கத்துக்கு 0.15 மி.மீ. கரை. மெயின் ரோட்டுக்குப் பக்கத்துக்கு 0.2 வரும். கரை இன்னும் அழுத்தமாக வேண்டும் என்று கேட்டால் விளிம்பு ஸ்டைலை மட்டும் கூட்டினால் போதும். உள் ஸ்டைலைத் தொடவேண்டாம்.

இப்போது லேயர். ஆப்ஜெக்ட் மேனேஜர் டாக்கரைத் திறங்கள் (புதிய பதிப்புகளில் ஆப்ஜெக்ட்ஸ் என்று மட்டும் இருக்கும்). அங்கே நான்கு லேயர் உண்டாக்குங்கள். கீழிருந்து மேலாக: விளிம்பு, தெரு உள், மெயின் ரோடு உள், எழுத்தும் அடையாளமும்.

எல்லாத் தெருக்களையும் மெயின் ரோடுகளையும் விளிம்பு லேயரில் வரைந்து, அவற்றுக்கு விளிம்பு ஸ்டைலைக் கொடுங்கள். பிறகு தெருக்களை மட்டும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + சி, தெரு உள் லேயருக்குப் போய் கண்ட்ரோல் + வி. அதே இடத்தில் வந்து உட்காரும். அந்தப் பிரதிகளுக்கு "தெரு-உள்" ஸ்டைலைக் கொடுங்கள். மெயின் ரோட்டுக்கும் அப்படியே. கொடுத்து முடித்ததும் பாருங்கள், சந்திப்புகள் எல்லாம் தாமாகத் திறந்திருக்கும். எல்லாக் கருப்பும் அடியில், எல்லா வெள்ளையும் அதற்கு மேலே இருப்பதால், ஒரு தெருவின் வெள்ளை இன்னொரு தெருவின் கரையை மறைத்துவிடுகிறது. மெயின் ரோடு எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதால், அதில் வந்து சேரும் தெரு அதன் கரையை மட்டும் திறந்துகொண்டு, மஞ்சளை வெட்டாமல் நிற்கும்.

முனை ரவுண்டாக இருந்தால் மேப்பின் ஓரத்தில் ரோடு மழுங்கி முடியும். அது பிடிக்கவில்லை என்றால் ரோடுகளைச் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டி வரைந்துவிட்டு, பவர்க்ளிப் போட்டு 80க்கு 60 பெட்டிக்குள் அடைத்துவிடுங்கள். ஸ்டைல் தொடர்பு பவர்க்ளிப்புக்குள்ளும் இருக்கும்.

ரயில் பாதைக்கும் இதே தந்திரம்தான். அடியில் 0.9 மி.மீ. கருப்பு முழுக்கோடு, மேலே 0.6 மி.மீ. வெள்ளை விட்டுவிட்ட கோடு. விட்டுவிட்ட கோட்டின் அமைப்பும் அவுட்லைன் ஸ்டைலுக்குள் சேமிக்கப்படும் என்பதால் ஒருமுறை சரிசெய்தால் போதும். பழைய மேப்புகளில் குறுக்குக் கட்டை போட்ட மாதிரி ஒவ்வொன்றாக வரைந்திருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

வெள்ளைக் கோட்டில் ஒரு எச்சரிக்கை. வெள்ளை என்பது மை அல்ல. அந்த இடத்தில் மை விழாமல் விடுவதுதான். அதில் ஓவர்பிரிண்ட் (அடியில் இருப்பதை விலக்காமல் அதன்மேலேயே அச்சிடுவது) ஆன் ஆகியிருந்தால் அச்சில் வெள்ளை காணாமல் போய், தடியான கருப்பு மட்டும் நிற்கும். திரையில் சாதாரணமாகப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. உள் ஸ்டைல்களைக் கொடுத்து முடித்த பிறகு ஏதாவது ஒரு வெள்ளைக் கோட்டின்மேல் ரைட் க்ளிக் செய்து ஓவர்பிரிண்ட் அவுட்லைனில் டிக் இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

நிறத்துக்குத் தனிப் பெயர்

கருப்பு, மஞ்சள், வெள்ளை என்று நிறத்தை ஒவ்வொரு அவுட்லைன் ஸ்டைலுக்குள்ளும் தனித்தனியாகப் போட்டோம். மேப்பில் மஞ்சள் இன்னும் சில இடங்களில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மண்டபத்தின் பின்னணி, அம்புக்குறி. மஞ்சளை மெரூனாக்க மூன்று இடத்தில் மாற்றவேண்டிவரும். அதனால் நிறத்துக்கும் ஒரு பெயர் கொடுத்துவிடுவது நல்லது. இதற்கு கலர் ஸ்டைல்ஸ் என்று தனி டாக்கர் உண்டு. கண்ட்ரோல் + எஃப்6.

அங்கே நியூ கலர் ஸ்டைல் பொத்தானில் புதிதாக ஒரு நிறம் உண்டாக்கலாம்; தேர்ந்தெடுத்த பொருளில் இருக்கும் நிறத்திலிருந்தோ, டாக்குமெண்ட் முழுவதிலிருந்தோ எடுக்கலாம். பழைய ஃபைலைச் சீர்செய்ய வந்தவர்களுக்கு மூன்றாவது வழிதான் கைகொடுக்கும். ஆனால் ஒன்று: பழைய ஃபைலில் எம் 20 ஒய் 100, எம் 18 ஒய் 100, எம் 20 ஒய் 98 என்று மூன்று மஞ்சள் ஒளிந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதெல்லாம் பட்டியலில் வரிசையாக வந்து நிற்கும். அதே டாக்கரில் உள்ள மெர்ஜ் வசதியால் அவற்றை ஒன்றாக்கிவிடலாம். கலர் ஹார்மனியாகப் பிரித்துத் தரட்டுமா என்று கேட்கும் பெட்டியில், தொடக்கத்தில் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஹார்மனி என்பது ஒரு நிறத்தைத் திருப்பினால் சேர்ந்த மற்ற நிறங்களும் சேர்ந்து திரும்பும் ஏற்பாடு. பூ டிசைனுக்கு அழகு, மேப்புக்குத் தேவையில்லை.

கலர் ஸ்டைலுக்கும் பெயர் விதி அதேதான். "சிறப்பு நிறம்", "கரை நிறம்", "மெல்லிய பின்னணி" என்று வையுங்கள். பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, டாக்கரில் நிறத்தை டபுள் க்ளிக் செய்தால் ஃபில்லுக்கும் (உள்ளே நிரப்பும் நிறம்), ரைட் க்ளிக் செய்தால் அவுட்லைனுக்கும் போகும்.

இப்போது இரண்டையும் இணைக்கவேண்டும். ஒரு மாதிரிக் கோடு போட்டு, அதற்கு அவுட்லைன் நிறமாகக் கலர் ஸ்டைலைக் கொடுத்து, தடிமனைச் சரிசெய்து, அதிலிருந்து "நியூ ஸ்டைல் ஃப்ரம்" வழியாக ஆப்ஜெக்ட் ஸ்டைலை எடுங்கள். எடுத்த ஸ்டைலை வேறொரு புதிய கோட்டுக்குக் கொடுத்துவிட்டு, கலர் ஸ்டைலை மட்டும் பச்சையாக மாற்றிப் பாருங்கள். புதிய கோடும் பச்சையானால் இணைப்பு சரி. மேப் முழுவதும் வரைந்த பிறகு சோதிப்பதைவிட, ஒரு கோட்டில் இதைச் சோதித்துவிட்டு மேலே போவது உத்தமம்.

பார்ட்டி "ஒரே கலர்" என்று சொல்லும் நாளில் இதன் முழுப் பலன் கிடைக்கும். சிறப்பு நிறத்தை எம் 20 ஒய் 100-இலிருந்து கே 20-க்கு மாற்றுங்கள். மெல்லிய பின்னணியை கே 8 ஆக்குங்கள். கரை ஏற்கெனவே கே 100. முடிந்தது. மேப்பில் ஒரு பொருளைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை.

இங்கே நிறம் தேர்வதில் ஒரு விஷயம். மெல்லிய கரைக்கும் சின்ன எழுத்துக்கும் கே 60, கே 40 என்று கொடுக்காதீர்கள். ஆஃப்செட்டில் அது புள்ளிகளாக உடைந்து, 0.15 மி.மீ. கோடு பல்லிளிக்கும். அதே மாதிரி மெரூனை எம், ஒய், கே மூன்றும் கலந்து சின்ன எழுத்துக்குக் கொடுத்தால், ரெஜிஸ்டர் (மைகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) இம்மி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். மெல்லியது எல்லாம் ஒரே மையில், முழு அடர்த்தியில் இருக்கட்டும். கலந்த நிறமும் சதவீத நிறமும் பரப்பு உள்ள இடங்களுக்கு.

கட்டடத்துக்கு ஸ்டைல் செட்

கோட்டுக்கு அவுட்லைன் மட்டும் போதும். கட்டடத்துக்கு உள்ளே ஃபில்லும் வேண்டும், வெளியே அவுட்லைனும் வேண்டும். இரண்டு ஸ்டைலைத் தனித்தனியாகக் கொடுக்காமல் ஒன்றாகச் சேர்த்து வைப்பதுதான் ஸ்டைல் செட். ஒரு பெட்டி வரைந்து, ஃபில்லும் அவுட்லைனும் கொடுத்து, ரைட் க்ளிக், ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ், நியூ ஸ்டைல் செட் ஃப்ரம். பெயர்: "கட்டடம்".

மண்டபமும் ஒரு கட்டடம்தான், ஆனால் எடுப்பாகத் தெரியவேண்டும். இதற்குப் புதிதாக இன்னொரு செட் உண்டாக்காமல், "கட்டடம்" செட்டுக்குக் கீழே ஒரு சைல்டு செட் உண்டாக்கி "மண்டபம்" என்று பெயர் வையுங்கள். அதில் ஃபில்லை மட்டும் சிறப்பு நிறமாக மாற்றுங்கள். இனிமேல் "கட்டடம்" செட்டின் கரையைத் தடித்தால் மண்டபத்தின் கரையும் தடிக்கும். ஃபில்லை மாற்றினால் மண்டபம் மாறாது, ஏனென்றால் ஃபில்லில் அது தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. அப்பா சொத்தில் தனக்கென்று எதை மாற்றிக்கொண்டதோ அது மட்டும் பிள்ளைக்குத் தனி. மீதி எல்லாம் அப்பா வழி.

அதற்காக அப்பா, பிள்ளை, பேரன் என்று நாலு தலைமுறை இறங்காதீர்கள். எங்கே மாற்றினால் எது மாறும் என்று உங்களுக்கே தெரியாமல் போகும். ஒரு படி போதும்.

எழுத்து

எழுத்துக்குக் கேரக்டர் ஸ்டைல், பாராகிராஃப் ஸ்டைல் என்று இரண்டு உண்டு. ஃபான்ட், அளவு, நிறம் கேரக்டரில்; வரி இடைவெளி, இடது வலது ஒழுங்கு பாராகிராஃபில். மேப்பில் வருவதெல்லாம் துண்டுப் பெயர்கள் என்பதால் கேரக்டர் ஸ்டைலே பெரும்பாலும் போதும். தெருப் பெயர் 7 பாயின்ட், அடையாளப் பெயர் 7 பாயின்ட் போல்டு, மண்டபப் பெயர் 10 பாயின்ட் போல்டு. ஏழுக்குக் கீழே இறங்கவேண்டாம். பத்திரிகையைப் படிப்பவர்களில் பாதிப் பேர் பெரியவர்கள். தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் அடைந்துபோனால் ண எது, ன எது என்று தெரியாது.

ஃபான்ட் விஷயத்தில்தான் தமிழுக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாமினி, வானவில், ஸ்ரீலிபி வகை எழுத்துருக்களில் அடித்த எழுத்து உண்மையில் தமிழ் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் உள்ளே இருக்கும். ஃபான்ட் அவற்றைத் தமிழ் வடிவமாகக் காட்டுகிறது. யூனிகோடில் அடித்ததில் உள்ளே இருப்பதே தமிழ். பாமினியில் அடித்த ஒரு தெருப் பெயருக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் உள்ள ஸ்டைலைக் கொடுத்தால் அந்தப் பெயர் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாக மாறிவிடும். ஸ்டைலில் தவறில்லை, அது ஃபான்ட்டைத்தான் மாற்றும், உள்ளே இருக்கும் எழுத்தை மாற்றாது.

எனவே ஒரு ஃபைலுக்கு ஒரே முறை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எக்ஸ்6-க்குப் பிறகு கோரல்டிராவில் யூனிகோட் தமிழ் கொம்பு, சுழி பிறழாமல் வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை போன்ற இலவச யூனிகோட் ஃபான்ட்டுகளும் இருக்கின்றன. பத்திரிகையின் மற்ற பக்கங்கள் ஏற்கெனவே பழைய எழுத்துருவில் இருந்தால் மேப்பையும் அதிலேயே முடியுங்கள்; பாதி அது, பாதி இது என்று கலந்தால் ஸ்டைல் உதவாது, உபத்திரவம்தான்.

தெருப் பெயர் தெருவின் வளைவோடு போகவேண்டும் என்றால் டெக்ஸ்ட் மெனுவில் ஃபிட் டெக்ஸ்ட் டு பாத். அப்படி வளைத்த எழுத்துக்கும் கேரக்டர் ஸ்டைல் வேலை செய்யும்.

ஸ்டைல் கேட்கமாட்டேன் என்கிறதே?

பழகிய சில நாளில் இந்தக் கேள்வி வரும். ஸ்டைலை மாற்றினேன், பதினாலு தெரு மாறியது, ஒன்று மட்டும் மாறவில்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து யாரோ பேலட்டில் ரைட் க்ளிக் செய்திருக்கிறார்கள், அல்லது மேலே தடிமன் பெட்டியில் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். கையால் கொடுத்ததுதான் ஸ்டைலைவிடப் பெரியது. அந்தக் குணத்தில் மட்டும் கோடு ஸ்டைலை விட்டு விலகி நிற்கும்.

அந்தக் கோட்டின்மேல் ரைட் க்ளிக், ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ், ரிவர்ட் டு ஸ்டைல். கையால் செய்த மாற்றம் போய் ஸ்டைலுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பக்கத்திலேயே பிரேக் லிங்க் ஃப்ரம் ஸ்டைல் என்று இருக்கும், அவசரத்தில் அதை அழுத்திவிடாதீர்கள். அது தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் பிடுங்கிவிடும். அப்புறம் அந்தக் கோடு எதற்கும் கேட்காது. ஸ்டைல் போட்ட ஃபைலில் பேலட்டைத் தொடுவதில்லை என்று கடையில் ஒரு பேச்சு வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு தொல்லை பேலட்டிலிருந்தே வருகிறது. எதுவும் தேர்வில் இல்லாதபோது பேலட்டில் க்ளிக் செய்தால் சேஞ்ச் டாக்குமெண்ட் டிஃபால்ட்ஸ் என்று ஒரு பெட்டி கேள்வி கேட்கும். படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு வரைகிற ஒவ்வொரு பெட்டியும் சிவப்பாகவோ பச்சையாகவோ பிறக்கும். கோரல்டிரா கெட்டுப்போச்சு, ரீஇன்ஸ்டால் பண்ணணும் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். ஒன்றும் வேண்டாம். கண்ட்ரோல் + எஃப்5, டிஃபால்ட் ஆப்ஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸ், அதில் கிராஃபிக். அங்கே ஃபில்லை நோ ஃபில் ஆக்கினால் சரியாகிவிடும். எழுத்துக்கு ஆர்ட்டிஸ்டிக் டெக்ஸ்ட், பாராகிராஃப் டெக்ஸ்ட் என்று தனித்தனியாக இருக்கும்.

மூன்றாவது, அளவைச் சுருக்குவது. 80 மி.மீ. மேப்பை விசிட்டிங் கார்டுக்காக 40 மி.மீ. ஆக்கினால், கோடுகளின் நீளம் பாதியாகும், தடிமன் மட்டும் அப்படியே நிற்கும். ரோடெல்லாம் குண்டாகிப் பக்கத்துத் தெருவை இடிக்கும். எஃப்12 அழுத்தினால் வரும் அவுட்லைன் பென் பெட்டியில் ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட் என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் தடிமனும் சேர்ந்து சுருங்கும். ஆனால் பெயர் வைத்து வரைந்தவர்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது: டிக் போடாமலேயே சுருக்கிவிட்டு, ஸ்டைலில் தடிமனைப் புதிய அளவுக்கு ஏற்றபடி எழுதிவிடுவது. இயந்திரம் சுருக்கினால் 0.15 கரை 0.075 ஆகிக் காணாமல் போகும். நாமே எழுதினால் ரோட்டைச் சுருக்கிக்கொண்டு கரையை அச்சில் நிற்கிற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த பத்திரிகைக்கு

இத்தனை பெயரையும் அடுத்த மேப்புக்கு மறுபடி உண்டாக்கவேண்டாம். ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ் டாக்கரின் அடியில் ஸ்டைல் ஷீட்டை இம்போர்ட், மெர்ஜ், எக்ஸ்போர்ட் செய்யும் பொத்தான் இருக்கிறது. எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஸ்டைல்கள் மட்டும் தனி ஃபைலாகச் சேமிக்கப்படும். புதிய டாக்குமெண்டில் இம்போர்ட் செய்தால் எல்லாப் பெயரும் வந்து நிற்கும். இம்போர்ட் செய்யும்போது எதை எதைக் கொண்டுவருவது என்று கேட்கும். எழுத்து ஸ்டைல்களை விட்டுவிட்டுக் கோட்டு ஸ்டைல்களை மட்டும்கூட எடுக்கலாம்.

லேயர்களும் வேண்டும் என்றால், படத்தையெல்லாம் அழித்துவிட்டு வெறும் சட்டத்தை டெம்ப்ளேட்டாக சேவ் செய்துவிடுங்கள். ரூட் மேப் அடிக்கடி போடுகிற கடைக்கு இதுதான் சௌகரியம்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது ஃபைலைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + க்யூ அழுத்தி கர்வ் ஆக்குங்கள். கர்வ் ஆனதற்குக் கேரக்டர் ஸ்டைல் கிடையாது. அது இனி வெறும் வடிவம். பிரஸ்ஸில் பழைய பதிப்பு வைத்திருந்து அதற்கேற்ப சேவ் செய்து கேட்டாலும் அந்தப் பிரதியைத்தான் கொடுக்கவேண்டும், ஏனென்றால் கீழ்ப் பதிப்புக்கு இறக்கும்போது ஸ்டைல் தொடர்பு அப்படியே போய்ச் சேரும் என்று எண்ணிக்கொள்ள முடியாது. ஸ்டைலோடு இருக்கிற மூல ஃபைல் உங்களிடமே இருக்கட்டும்.

கோரல்டிரா இல்லாதவர்களுக்கு

இல்லஸ்ட்ரேட்டரில் கிராஃபிக் ஸ்டைல்ஸ் பேனல் இதே வேலையைச் செய்யும். ஷிஃப்ட் + எஃப்5. நிறத்துக்கு ஸ்வாட்ச் உண்டாக்கும்போது குளோபல் என்ற டிக்கைப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஸ்வாட்சை மாற்றினாலும் படம் மாறாது.

காசில்லாமல் பழக விரும்புகிறவர்களுக்கு லிப்ரெ ஆஃபீஸ் டிராவைத்தான் முதலில் சொல்வேன். எஃப்11 அழுத்தினால் ஸ்டைல்கள் வரும். ஒரு ஸ்டைலுக்குக் கீழே இன்னொன்று வைக்கிற ஏற்பாடும் உண்டு. பெரிய டிசைனுக்குப் போதாது, ஆனால் மேலே சொன்ன ரோட்டுத் தந்திரத்தைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம். இங்க்ஸ்கேப்பில் 2020-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து செலக்டர்ஸ் அண்ட் சி.எஸ்.எஸ். என்ற பெட்டி இருக்கிறது. வலைப்பக்க ஸ்டைல் எழுதிப் பழகியவர்களுக்கு அது வீட்டுச் சாப்பாடு. மற்றவர்கள் ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்கில் ஸ்வாட்ச் உண்டாக்கி, நிறத்துக்கு மட்டும் பெயர் வைத்துத் தொடங்கலாம். தடிமனுக்கு அதில் அப்படி ஒரு குறுக்குவழி இல்லை, செலக்டர்ஸ் பெட்டியைக் கற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும்.